அமுக்கினால் ஏதாவது நடக்கணும்

பெங்களூரு அல்சூர் பக்கம் நாலு தமிழர்கள் காபி டம்ளரோடு நின்று ஜேம்ஸ் பாண்ட் பேச ஆரம்பித்தால், பத்தாவது நிமிடத்தில் பேச்சு இரண்டில் ஓர் இடத்தில் போய் முட்டும். ஒன்று, "அது டூப்பு மச்சி, இதுதான் ஒரிஜினல்." இன்னொன்று, "இத்தனூண்டு பொம்மைக்கு அவ்வளவு காசா?" கூட ஒரு கன்னடத்து நண்பர் இருந்துவிட்டால் மூன்றாவதாக ஒரு கிளையும் முளைக்கும். நாம் 1966-இன் 'வல்லவன் ஒருவ'னையும் ஜெய்சங்கரையும் எடுத்து வைப்போம். அவர் 1968-இன் 'ஜேடர பலே'யையும் ராஜ்குமாரின் சிஐடி 999-ஐயும் எடுத்து வைப்பார். அந்தச் சண்டையில் இதுவரை யாரும் ஜெயித்ததில்லை.

முதல் இரண்டையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஸ்டன்ட் ஒரு பக்கம், படத்தின் பேரைச் சொல்லி விற்கிற சாமான் ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் பேசுகிறோம். எனக்கு இரண்டுக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அமுக்கினால் ஏதாவது நடக்கணும். திரையில் கார் புரண்டால் அதைப் புரட்டிய ஏதோ ஒன்று அங்கே இருந்திருக்க வேண்டும். பெட்டியின் மேல் 007 என்று அச்சடித்திருந்தால், அந்த மூன்று எண்களைத் தாண்டி உள்ளே ஏதாவது வேலை செய்ய வேண்டும்.

ஸ்டன்டில் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் 1974-இல் வந்த 'தி மேன் வித் த கோல்டன் கன்'. தாய்லாந்துக் கால்வாய் ஒன்றின் மேல் உடைந்து கிடக்கும் பாலம். சிவப்பு ஏஎம்சி ஹார்னெட் கார் ஒரு முனையில் ஏறி, திருகாணி சுற்றுவது மாதிரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மறு முனையில் நாலு சக்கரத்திலும் வந்து இறங்கும். ஒரே டேக். "அந்தக் காலத்துல தைரியமா பண்ணாங்க" என்பார்கள். தைரியம் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தத் தாவல் பிறந்த இடம் அமெரிக்காவின் கார்னெல் ஏரோநாட்டிகல் ஆய்வுக்கூடம். கார் தடம் மாறி உருண்டால் என்ன ஆகும் என்று பார்க்க எழுதிய கம்ப்யூட்டர் நிரலில்தான் இந்தக் குட்டிக்கரணத்துக்கும் கணக்குப் போட்டார்கள்.

கணக்கு இப்படி. காரும் ஓட்டுபவரும் சேர்ந்து சுமார் 1,460 கிலோ. வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 18 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சறுக்குப் பலகையின் இரண்டு சக்கரத் தடங்களும் ஒரே சரிவில் இருக்காது. ஒரு பக்கம் தூக்கியும் மறுபக்கம் தாழ்ந்தும், பிழிந்த துண்டு மாதிரி முறுக்கியிருக்கும். கார் அதைவிட்டுக் கிளம்பும்போதே சுழற்சியையும் வாங்கிக்கொண்டு கிளம்புகிறது. ஆகாயத்தில் போன பிறகு அந்தச் சுழற்சியைக் கூட்டவோ குறைக்கவோ ஓட்டுபவரால் முடியாது. அதனால்தான் ஸ்டியரிங்கைக் காரின் நட்டநடுவுக்கு மாற்றினார்கள். ஆள் ஒரு ஓரமாக உட்கார்ந்தால் அவருடைய எடையே சுழற்சியைக் கெடுத்துவிடும்.

"இன்னும் ஸ்பீடா போயிருந்தா சுலபமா தாண்டியிருக்கலாமே" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். முடியாது. வேகம் கூடினால் தாண்டும் தூரமும் கூடும், சுற்றும் கூடும். இறங்கும் பலகையோ அதே இடத்தில், அதே கோணத்தில் முறுக்கி வைத்திருக்கிறது. குறைந்தால் முக்கால் சுற்றிலேயே தண்ணீர். இறங்கும் பலகை காரின் மிச்சச் சுழற்சியைப் பிடித்து நிறுத்துவதற்கும் சேர்த்து வடிவமைத்தது. அதையெல்லாம் சிதைந்த மரப்பாலம் போல அலங்கரித்து மறைத்ததில் கலை இயக்குநரின் கைவேலை தெரிகிறது. இத்தனையும் செய்துவிட்டு, கார் சுற்றும்போது பின்னணியில் சர்க்கஸ் கோமாளி ஊதல் மாதிரி ஒரு சத்தத்தைச் சேர்த்தார்கள் பாருங்கள், அதை இன்றுவரை ரசிகர்கள் மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான சிக்கல் 2006-இல் 'கேசினோ ராயல்' படத்துக்கு வந்தது. ஹார்னெட்டைச் சரியாக ஒரே சுற்றில் நிறுத்த வேண்டியிருந்தது. இங்கே ஆஸ்டன் மார்ட்டின் டிபிஎஸ் உருளவே மாட்டேன் என்றது. தரையோடு ஒட்டி ஓடுவதற்கென்றே செய்த கார். எடையின் மையம் அவ்வளவு கீழே இருக்கிறது. சுமார் 45 சென்டிமீட்டர் உயரச் சறுக்குப் பலகை வைத்தும் பலிக்கவில்லை. கடைசியில் ஓட்டுபவரின் இருக்கைக்குப் பின்னால் காற்றழுத்தத்தில் இயங்கும் பீரங்கி ஒன்றைப் பொருத்தினார்கள். பொத்தானை அமுக்கினால் உலோகத் தடி ஒன்று தரையை நோக்கிப் பாயும், கார் ஒரு பக்கமாக எகிறும். மணிக்கு 113 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது அமுக்கினார்கள். 7 உருளல். கின்னஸில் ஏறிய எண் அது.

இதே கின்னஸில் 'ஸ்பெக்ட'ரும் உண்டு. 2015-இல் மொராக்கோ பாலைவனத்தில் 8,418 லிட்டர் மண்ணெண்ணெயும் 33 கிலோ வெடிமருந்தும் கொளுத்தினார்கள். காட்சியில் நாயகனும் நாயகியும் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், நாமும் பார்க்கிறோம், அவ்வளவுதான். எண் பெரிசாக இருந்தால் காட்சி பெரிசாகிவிடாது என்று வாதாட இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

"டாம் க்ரூஸ் படத்துல சிஜியே கிடையாது" என்கிற கோஷ்டிக்கு ஒரு வார்த்தை. 'மிஷன் இம்பாசிபிள்' படத்துக்காக நார்வேயில் மலை உச்சியிலிருந்து மோட்டார் பைக்கோடு அவர் குதித்தது நிஜம். ஒரே நாளில் 6 முறை குதித்தார், அதுவும் படப்பிடிப்பின் முதல் நாளிலேயே. காரணம் எளிது: நாயகனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பாதிப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு தயாரிப்பாளர் என்ன செய்வார்? ஆனால் அவர் ஓட்டிப்போன நீளமான உலோகச் சறுக்குப் பாதை படத்தில் இருக்கிறதா? அதன் மேல் சிஜி என்கிற கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸில் பாறையைப் போர்த்திவிட்டார்கள். 2011-இல் வந்த படத்தில் புர்ஜ் கலீஃபாவில் அவரைப் பிடித்திருந்த கம்பிகளையும் அப்படித்தான் அழித்தார்கள். ஆகவே, சிஜி இருக்கிறதா என்ற கேள்வியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எதை மறைக்க சிஜி, கம்பியையா, விழாத ஆளையா? அதுதான் கேட்க வேண்டியது.

2023 ஜனவரியில் 'பதான்' வந்தபோது பெங்களூரு தியேட்டர்களில் அந்த ரயில் சண்டைக்குக் காது கிழிந்தது. அந்தக் கைதட்டல் ஷாருக்கும் சல்மானும் சேர்ந்து நின்றதற்கு, ரயிலுக்கு இல்லை. பெட்டி சரிகிறபோது மேலே நிற்கிறவர்களின் முட்டி மடங்க வேண்டும், கால் வழுக்க வேண்டும். எடை இல்லாத ரயிலில் எடை இல்லாத ஆட்கள் ஓடினால் அடுத்து என்ன ஆகுமோ என்ற பதைப்பு வருவதில்லை. ஷாருக் ரசிகர்கள் கோபப்படலாம். படட்டும்.

வாய்ச்சண்டையை விட்டுவிட்டுச் சோதித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு என் வழி இது. முதலில் சத்தத்தை அணைத்துவிடுங்கள். பாதிக் காட்சிகள் அங்கேயே படுத்துவிடும், ஏனென்றால் அவற்றைத் தூக்கி நிறுத்தியது டிரம்ஸ். பிறகு ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். கம்ப்யூட்டரில் யூடியூப் என்றால் படத்தை நிறுத்திவிட்டுக் கமா விசையை அழுத்த ஒரு ஃபிரேம் பின்னே, முற்றுப்புள்ளி விசைக்கு ஒரு ஃபிரேம் முன்னே. விஎல்சியில் ஈ விசை முன்னே மட்டும் நகர்த்தும். சினிமாவில் வினாடிக்கு 24 ஃபிரேம். ஒரு ஷாட் 12 ஃபிரேமுக்குள் வெட்டிக்கொண்டே போனால், அடிபட்டது யார் என்று கண் தேடி முடிப்பதற்குள் அடுத்த ஷாட் வந்துவிடுகிறது. 'குவான்டம் ஆஃப் சோலஸ்' படத்தின் தொடக்கக் கார் துரத்தலில் வைத்துப் பாருங்கள், ஏன் தலை சுற்றியது என்று புரியும்.

அப்புறம் கார் தரையில் இறங்கும் இடம். சக்கரம் பட்டதும் டயரின் அடிப்பக்கம் பிதுங்கணும், ஸ்பிரிங் அமுங்கி பாடி கீழே உட்கார்ந்து மறுபடி எழணும், புழுதி ஒன்றிரண்டு ஃபிரேம் தள்ளிக் கிளம்பணும். கிராஃபிக்ஸ் காரில் பெரும்பாலும் முதலில் கோட்டை விடுவது பாடி உட்காருவதைத்தான். நிஜக் கார்தான், ஆனால் வேகம் சந்தேகமாக இருக்கிறது என்றால் ஓரத்தில் நடந்துபோகிறவர்களைப் பாருங்கள். 22 ஃபிரேமில் எடுத்து 24-இல் ஓட்டினால் எல்லாம் 9 சதவீதம் வேகமாகும். காரில் அது தெரியாது. பிளாட்ஃபாரத்தில் போகிறவரின் கைவீச்சில் தெரிந்துவிடும்.

நம் ஆட்களுக்கு 'ஆக்டோபஸி' மேல் ஒரு தனிச் சலுகை உண்டு. 1983, உதய்ப்பூர் தெருக்கள், ஆட்டோ துரத்தல், டென்னிஸ் மட்டையால் அடியாட்களை விளாசும் விஜய் அமிர்தராஜ். ஸ்டன்டாகப் பார்த்தால் சுமார்தான். சென்னைப் பையன் பாண்டுக்கு ஆட்டோ ஓட்டுகிறார் என்பதால் யாரும் மார்க் குறைப்பதில்லை. நானும் குறைக்கவில்லை.

சரி, சாமான்களுக்கு வருவோம். இதில் ஹார்னெட் தாவலுக்குச் சமமான பொருள் எது என்று கேட்டால், 1965-இல் பிரிட்டனில் கார்கி நிறுவனம் இறக்கிய ஆஸ்டன் மார்ட்டின் டிபி5. மாடல் எண் 261. உள்ளங்கை நீளத்துக்கும் குறைவான வார்ப்புக் கார். 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் பாண்ட் ஓட்டியது வெள்ளி நிறம், பொம்மையில் தங்க நிறம். படத்தின் பேருக்கு ஏற்ற மாதிரி என்று பலர் சொல்வார்கள். வெள்ளி அடித்தால் பெயின்டே அடிக்காத வெறும் உலோகம் மாதிரி தெரியும் என்பதுதான் தங்கத்துக்குப் போனதன் காரணம். பின்னாலிருக்கும் புகைக்குழாயை அமுக்கினால் பின்கண்ணாடிக்கு வெளியே குண்டு துளைக்காத தகடு எழும். பக்கவாட்டில் ஒரு பொத்தான். அமுக்கினால் முன்பக்கத் துப்பாக்கிகள் நீளும். இன்னொன்றை அமுக்கினால் கூரை திறந்து வில்லன் பொம்மை வெளியே பறக்கும். அந்த ஆண்டு பிரிட்டனில் சிறந்த பொம்மை விருது வாங்கியது. அரை நிமிடக் காட்சியின் சூட்சுமம் அப்படியே கைக்குள் வந்துவிட்டது. 1968-இல் வந்த 270 வெள்ளி நிறத்துக்கு மாறியது. சுழலும் நம்பர் பிளேட்டும் டயர் கிழிக்கும் கத்தியும் அதில்தான் சேர்ந்தன. "என்கிட்ட 261 இருக்கு, நம்பர் பிளேட் சுத்தும்" என்று யாராவது சொன்னால் இரண்டில் ஒன்று தப்பு.

பெங்களூரில் இது கிடைக்குமா? ஞாயிற்றுக்கிழமை பிவிகே ஐயங்கார் ரோடு சந்தையில் அச்சு வளைந்த சின்னக் கார்கள்தான் மலிவு. 261 வந்தால் பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்து திரும்பிய குடும்பத்தின் பரணிலிருந்துதான் வரும், அதுவும் கிலோக்கணக்கில் போகும் பழைய சாமானோடு. கையில் எடுத்ததும் முதலில் திருப்பிப் போட்டு அடித்தகட்டின் ரிவெட்டுகளைப் பாருங்கள். தொழிற்சாலையில் அடித்த ரிவெட் வழவழப்பாகக் குடை மாதிரி விரிந்திருக்கும். நடுவில் துளையோ, திருகோ, பசையோ தெரிந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். அடுத்து கதவு இடுக்கு. திரும்பப் பெயின்ட் அடித்த காரில் அந்தக் கோடுகள் அடைபட்டு மழுங்கியிருக்கும். சக்கரத்துக்கு மேலே உள்பக்கம் பழைய நிறம் எட்டிப் பார்க்கும். கூரை விளிம்பில் மட்டும் பெயின்ட் உரிந்து வெளுத்திருந்தால் பயப்படாதீர்கள். பிள்ளைகள் விளையாடிய அடையாளம் அது, அசல் என்பதற்கு நல்ல சாட்சி.

பிறகு ஒவ்வொன்றாக அமுக்குங்கள், மெதுவாக. அறுபது வருடப் புழுதியும் காய்ந்த எண்ணெயும் உள்ளே இருக்கும். கட்டைவிரலால் ஓங்கி அமுக்கினால் ஸ்பிரிங் பிடித்திருக்கும் சின்ன முனை ஒடியும், அது ஒடிந்தால் அப்புறம் இருக்கை எழும்பாது. அசையவில்லை என்றால் ஊசி முனையில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டு ஒரு நாள் தலைகீழாக வைத்துவிடுங்கள்.

பிரித்துத்தான் ஆகணும் என்றால்: 4 மில்லிமீட்டர் பிட், கையால் திருகும் டிரில், ரிவெட்டின் குடை மட்டும் போகிற அளவு. மின் டிரில்லில் ஒரு நொடி அசந்தால் குடைக்குக் கீழே இருக்கும் தூணே போய்விடும், காரணம் துத்தநாகக் கலவை அவ்வளவு மெத்து. மறுபடி மூட அந்தத் தூணில் 2 மில்லிமீட்டர் திருகுக்குப் புரி வெட்டலாம். புரி வெட்டும் டேப்பும் திருகும் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். பெயின்ட் எடுக்கக் காஸ்டிக் சோடாவில் ஊறப்போடாதீர்கள், காரம் துத்தநாகத்தையே தின்று கருக்கிவிடும். கடையில் விற்கும் பெயின்ட் ரிமூவர் ஜெல் போதும். ஆனால் அசல் பெயின்ட் பாதி இருந்தாலும் விட்டுவிடுங்கள் என்பதே என் கட்சி. பளபளவென்று ஆக்கிய 261-க்கு விலை ஏறுவதில்லை, இறங்குகிறது.

இந்தப் பரம்பரையில் நியாயமான வாரிசு 2018-இல் வந்த லெகோ டிபி5. 1,295 துண்டு, எகிறும் இருக்கை, சுழலும் நம்பர் பிளேட், எல்லாம் பல்சக்கரத்தில் ஓடும். மூக்கு மட்டும் சப்பையாக, வேறு ஏதோ காருடையது போல இருக்கிறது என்பது ரசிகர்களின் குறை. நியாயமான குறைதான், சதுரக் கட்டியில் அந்த வளைவு வராது. அதே ஆண்டு ஆஸ்டன் மார்ட்டினே நிஜ அளவில், கருவிகளோடு விற்பனைக்கு 25 கார்கள் செய்வதாக அறிவித்தது. ஒன்று 27.5 லட்சம் பவுண்டு, வரி தனி. ரோட்டில் ஓட்ட அனுமதி கிடையாது. அதாவது அதுவும் பொம்மைதான்.

கடைகளில் இறக்குமதிப் பொம்மை விலை ஏன் இப்படி என்று புலம்புகிறவர்களுக்கு: சுங்கத் தீர்வை 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70. 2021 ஜனவரியிலிருந்து 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். "லண்டன்ல இருக்கிற அத்தைகிட்ட சொல்லி கிஃப்ட்னு எழுதி அனுப்பச் சொல்லு" என்ற பழைய யோசனையும் 2019 டிசம்பரோடு செத்துவிட்டது. பரிசுப் பார்சலுக்கு இருந்த தீர்வை விலக்கை அப்போது எடுத்துவிட்டார்கள்.

கைக்கடிகார விஷயத்தில் என் அளவுகோல் கொஞ்சம் கடுமையாகிவிடும். 1973-இல் 'லிவ் அண்ட் லெட் டை' படத்தில் ரோலெக்ஸின் வளையம் ரம்பமாகச் சுற்றிக் கயிறு அறுத்தது. கடைக்கு வந்த கடிகாரம் நேரம் மட்டும் காட்டியது. 1995 'கோல்டன்ஐ' முதல் ஓமேகா காலம். குறிப்பிட்ட எண்ணிக்கைதான் விற்பனை என்பார்கள், அந்த எண்ணைப் பாருங்கள்: 2002-இல் 10,007, 'ஸ்பெக்ட'ருக்கு 7,007. எண்ணிக்கையே விளம்பரம். முகப்பில் 007 என்று கோலம் போட்டதைக் கட்டிக்கொண்டு இந்திராநகரில் திரிவதில் என்ன உளவு இருக்கிறது, தெரியவில்லை. 'நோ டைம் டு டை'க்காக வந்த 42 மில்லிமீட்டர் டைட்டேனியம் கடிகாரம் விதிவிலக்கு. முகப்பில் 007 கிடையாது, பிரிட்டன் ராணுவத்தின் அகன்ற அம்புக்குறி மட்டும். எண்ணிக்கை வரம்பும் வைக்கவில்லை.

அதில் சோதித்துப் பார்க்க ஓர் அழகான விஷயம் இருக்கிறது. உள்ளே ஓடும் 8806 எந்திரம் மணிக்கு 25,200 தடவை துடிக்கும், அதாவது வினாடிக்குச் சரியாக 7. போன் கேமராவை 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் வைத்து வினாடி முள்ளை எடுங்கள். ஒரு வினாடிக்குள் முள் எத்தனை தடவை நின்று நகர்கிறது என்று எண்ணுங்கள். 8 வந்தாலோ 6 வந்தாலோ உள்ளே வேறு எந்திரம். 7 வந்ததை மட்டும் வைத்து அசல் என்று முடிவு கட்டிவிட வேண்டாம், நல்ல போலிகள் இதையும் கற்றுக்கொண்டுவிட்டன. பின்மூடியைத் திறக்கத் தெரிந்த கடைக்காரரிடம் அடுத்துப் போங்கள்.

தமிழில் படிக்கிற சேகரிப்பாளர்களுக்கு மலிவான வாசல் ஒன்று உண்டு. 1984-இல் ராணி காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே ஜேம்ஸ் பாண்ட் கதை. அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடைகளில் தமிழ்க் கட்டுகள் எப்போதாவது வரும். ஸ்டேப்ளர் பின் துருவேறி நடுப்பக்கம் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள், அங்கேதான் பக்கம் காணாமல் போகும்.

261 பெட்டிக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் காரைவிட அதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். புதிதாக அச்சடித்த பெட்டிகள் வெளிப்படையாகவே விற்கின்றன. அவற்றில் தப்பில்லை, பழசு என்று சொல்லி விற்பதுதான் தப்பு. பழைய அட்டையின் உள்பக்கம் பழுப்பாகி, மடிப்பில் நார் தெரியும். புது அட்டை உள்ளேயும் வெள்ளை வெளேரென்று இருக்கும். பெட்டிக்குள் ரகசியக் குறிப்பு என்று எழுதிய சின்ன உறை ஒன்று இருக்கணும். அதோடு ஒரு மாற்று வில்லன் பொம்மையும். முதல் வில்லன் சோபாவுக்கு அடியில் பறந்து தொலைவான் என்று செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது. இருக்கையில் ஒருவன், உறையோடு ஒருவன், இரண்டு பேரையும் எண்ணிப் பாருங்கள். ஒருவன் குறைந்தாலும் முழு விலை கொடுக்காதீர்கள்.